‘கேரன்’ என்று ஒருவரைத் திட்டுவது நியாயமான விமர்சனமா, அல்லது பெண்களையும் வயதையும் இழிவுபடுத்துவதா?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயங்களைக் குறிப்பிட்டிருக்கிறார். அதிகாரத் தோரணையோடு நடந்துகொள்ளும் நடுத்தர வயது வெள்ளைப் பெண்களைக் குறிக்க அமெரிக்காவில் ‘கேரன்’ என்ற பெயர் வசைச்சொல்லாகிவிட்டது என்பது ஒன்று. 2025-இல் இங்கிலாந்தின் வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் ஒன்று, அந்தச் சொல் இழிவானது என்றும், இனவாதம், பாலினப் பாகுபாடு, வயதுப் பாகுபாடு ஆகியவற்றின் விளிம்பில் நிற்பது என்றும் தன் தீர்ப்பில் எழுதியது என்பது மற்றொன்று. இவற்றில் எது சரி, தமிழில் எழுதும்போது நாமும் இந்தப் பெயரைப் பயன்படுத்தலாமா என்பதே கேள்வி.

சென்னையில், அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர்களோடு தொலைபேசியில் பேசும் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு, இப்போது புதிதாகச் சேர்பவர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறேன். இந்தப் பெயர் என் காதில் விழாத நாள் அநேகமாக இல்லை. எனக்கும் ஐம்பது வயது கடந்துவிட்டதால், இவ்விஷயத்தில் நான் நடுநிலையாளர் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். இந்த வசை குறிவைக்கும் நடத்தை உண்மையானது, அதைக் கண்டிப்பதும் அவசியம். ஆனால் அந்தக் கண்டனத்தை ஒரு தலைமுறைப் பெண்களின் பெயர் மீது ஏற்றியபோது அது நடத்தையை விட்டுவிட்டு வயதையும் பாலினத்தையும் பிடித்துக்கொண்டது என்பதே என் கருத்து.

முதலில், இந்தச் சொல்லை ஆதரிப்பவர்களின் தரப்பை மரியாதையோடு கேட்க வேண்டும். வெள்ளை எஜமானியை அவள் காதுக்கு எட்டாமல் ‘மிஸ் ஆன்’ என்று குறிப்பிடும் வழக்கம் கறுப்பின மக்களிடையே நெடுநாளாக இருந்தது. அது அடக்கப்பட்டவர்கள் தங்களுக்குள் எச்சரிக்கையாகப் பரிமாறிக்கொண்ட பெயர். அந்த எச்சரிக்கைக்குத் தேவை இருந்தது. 1955-இல் மிசிசிப்பி மாநிலத்தில், ஒரு கடையில் இருந்த வெள்ளைப் பெண்ணிடம் தவறாக நடந்துகொண்டதாகச் சொல்லப்பட்டு, சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்த எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவன் கடத்திக் கொல்லப்பட்டான். அந்தப் பெண்ணின் கணவரையும், வேறு தந்தைக்குப் பிறந்த அவருடைய சகோதரரையும் முழுக்க முழுக்க வெள்ளை ஆண்களே அடங்கிய ஜூரி விடுதலை செய்தது. மறு ஆண்டே ஒரு பத்திரிகையில் பணம் பெற்றுக்கொண்டு கொலையை அவர்கள் ஒப்புக்கொண்டனர். ஒரு வெள்ளைப் பெண்ணின் புகாருக்குப் பின்னால் எவ்வளவு பெரிய வன்முறை காத்திருக்க முடியும் என்பதைக் கறுப்பினக் குடும்பங்கள் மறக்கவில்லை.

2020 மே 25 அன்று நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் நடந்ததை இந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதன் கனம் புரியும். நாயைக் கயிற்றில் கட்டுமாறு கேட்ட கறுப்பினப் பறவை ஆர்வலர் ஒருவரைப் பற்றி, ஆப்பிரிக்க அமெரிக்கர் ஒருவர் தன் உயிருக்கு அச்சுறுத்தல் விடுப்பதாக ஒரு வெள்ளைப் பெண் போலீசுக்குத் தொலைபேசியில் புகார் செய்தார். அதே நாளில் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ்காரரின் முழங்காலுக்குக் கீழே உயிரிழந்தார். இவ்விரண்டு காணொளிகளையும் ஒரே வாரத்தில் பார்த்த நாடு, முதல் காணொளியில் இருந்த பெண்ணுக்குக் ‘கேரன்’ என்று பெயரிட்டது. அவ்வாண்டு அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ நகர மன்றம், இன வெறுப்பால் போலீசை அழைப்பவர்கள் மீது வழக்குத் தொடர வழிசெய்யும் சட்டம் ஒன்றை நிறைவேற்றியபோது, முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘கேரன்’ என்று ஒலிக்கும்படியே அதற்குப் பெயர் சூட்டியது. அப்போது வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் பணியாற்றியவரும் அந்தப் பெயரையே சுமப்பவருமான கறுப்பினப் பெண் கேரன் அட்டியா, இந்தக் கேலிகள் பெண் வெறுப்பும் அல்ல, இனவாதமும் அல்ல என்று அவ்வாண்டே வாதிட்டார். அந்த வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன்.

ஆயினும் இந்தச் சொல்லுக்கு இன்னொரு பிறப்பும் உண்டு. பூங்கா நிகழ்ச்சிக்கும் முன்பே அது புழக்கத்தில் இருந்தது. ரெட்டிட் என்ற இணைய விவாதத் தளத்தில் ஒருவர், குழந்தைகளையும் வீட்டையும் பறித்துக்கொண்டதாகக் கூறித் தன் முன்னாள் மனைவி கேரனைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார்; அந்தப் புலம்பலை நையாண்டி செய்யவென்றே 2017-இல் அங்கு ஒரு குழு தொடங்கப்பட்டது. எதற்கெடுத்தாலும் கடையின் மேனேஜரைக் கேட்கும் பெண்ணின் அடையாளமாக, பின்பக்கம் குட்டையாகவும் முன்பக்கம் நீளமாகவும் வெட்டப்பட்ட தலைமுடிக்கு ‘மேனேஜரைக் கூப்பிடு’ முடிவெட்டு என்று பெயரிட்ட கேலிப் படங்களும் அக்காலத்தில் உலவின. 2019 செப்டம்பரில் போர்ட்டோ ரிக்கோவை நோக்கி ஒரு புயல் வந்தபோது, அதற்கு வானிலைத் துறையின் பட்டியல்படி கேரன் என்ற பெயர் அமைந்துவிட்டதால், அது மேனேஜரைக் கேட்கப்போகிறது என்று எல்லோரும் சிரித்தார்கள். இவற்றில் எதிலும் நிறவெறி இல்லை, போலீஸ் இல்லை, கறுப்பின மக்களும் இல்லை. விவாகரத்தான, இளமை கழிந்த, குரலைத் தாழ்த்திப் பேசாத ஒரு பெண் மட்டுமே இருக்கிறாள். இந்த இரண்டு ஓடைகளும் 2020-இல் ஒன்றாகக் கலந்தபோது, முதலாவதன் நியாயம் இரண்டாவதன் அற்பத்தனத்துக்கு மறைப்பாகிவிட்டது. அவ்வாண்டு ஏப்ரலில், பூங்கா நிகழ்ச்சிக்கு முன்பே, இது பெண் வெறுப்பும் வர்க்க இளக்காரமும் கலந்ததல்லவா என்று கேட்ட பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜூலி பிண்டெல் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கு அளவே இல்லை.

கலந்த பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் முகக்கவசம் அணிய மறுத்துக் கடையில் சண்டையிட்ட பெண்ணும் கேரன் ஆனார். அணியாதவர்களைக் கண்டித்த பெண்ணும் கேரன் ஆனார். நேரெதிரான இரண்டு செயல்களுக்கு ஒரே பெயர் பொருந்துகிறது என்றால், அந்தப் பெயர் செயலைக் குறிக்கவில்லை என்பது தெளிவு. இரண்டுக்கும் பொதுவாக இருந்தவை பாலினமும் வயதும் மட்டுமே. பிறகு வணிகம் வந்தது. டோமினோஸ் நிறுவனம் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ‘நல்ல கேரன்களுக்கு’ இலவசப் பீட்சா தருவதாக அறிவித்து, நியூசிலாந்தில் கிளம்பிய எதிர்ப்பால் அங்கு அதைத் திரும்பப் பெற்றது. 2021-இல் சிட்னியில், பணியாளர்கள் வாடிக்கையாளரை வேண்டுமென்றே மரியாதைக் குறைவாக நடத்தும் உணவகம் ஒன்று கேரன் பெயரிலேயே திறக்கப்பட்டது. எம்மெட் டில்லுக்கும் இலவசப் பீட்சாவுக்கும் இடையில் அந்தச் சொல் எவ்வளவு தூரம் நழுவியிருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

வயது இதில் எப்படி நுழைகிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் பலர் பாலினத்தை ஒப்புக்கொண்டு வயதை மறுக்கிறார்கள். அமெரிக்க அரசின் பெயர்ப் பதிவுகளின்படி, 1965-இல் பிறந்த பெண் குழந்தைகளுக்கு அதிகம் சூட்டப்பட்ட பெயர்களில் கேரன் மூன்றாம் இடத்தில் இருந்தது. 2020-இல் அது எண்ணூறாம் இடத்துக்கும் கீழே போய்விட்டது. சரோஜா என்ற பெயரைக் கேட்டதும் நம் மனத்தில் ஒரு வயது தோன்றுகிறதல்லவா, அதைப் போன்றதுதான் இதுவும். பூங்காவில் நின்ற பெண்ணின் பெயர் கேரன் அல்ல. அவருக்கு வயது சுமார் நாற்பது. 2018-இல் ஓக்லாந்து ஏரிக்கரையில் கரியடுப்பில் இறைச்சி வாட்டிய கறுப்பினத்தவர்களைப் பற்றிப் போலீசில் புகார் செய்தவருக்கு ‘பெக்கி’ என்று பெயர் வைத்தார்கள். அவர் பெயரும் அதுவல்ல. ஒருவர் என்ன செய்தாரோ அதற்கு ஏற்ற சொல்லைத் தேடாமல், அவர் எந்த ஆண்டில் பிறந்தவரைப் போல இருக்கிறார் என்பதற்கு ஏற்ற பெயரைத் தேடிச் சூட்டுகிறார்கள். இளையவளாகவும் அறியாதவளாகவும் இருந்தால் பெக்கி. மூத்தவளாகவும் கேட்பவளாகவும் இருந்தால் கேரன். வயதுக்கேற்ற அளவில் வசைகள் தைத்து வைக்கப்பட்டிருக்கின்றன.

ஆண்களுக்கும் இப்படிப் பெயர்கள் உண்டே என்று சிலர் கேட்பார்கள். உண்டு. ஜெர்மனியில் கெவின் என்ற பெயரை ஏழை வீட்டுப் பிள்ளைகளோடு இணைத்துக் கேலி செய்வது வழக்கம். கெவின் ஒரு பெயரல்ல, நோய்க்கான பெயர் என்று ஓர் ஆசிரியர் எழுதியது 2009-இல் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் வெளியாகிப் பரபரப்பானது. அது வர்க்க இளக்காரம். அதில் வயது முதிர்ந்த ஆணின் மீது எந்தக் கேலியும் இல்லை. ஆண் கேரனுக்குக் கென், கிரெக், டெரி என்று ஒவ்வொருவர் ஒவ்வொன்றைச் சொல்லிப் பார்த்தார்கள், எதுவும் ஒட்டவில்லை. 2020 ஜூனில் செயின்ட் லூயிஸ் நகரில் ஊர்வலம் சென்றவர்களுக்கு எதிரே துப்பாக்கிகளோடு ஒரு தம்பதியர் நின்றார்கள். நீளத் துப்பாக்கியை வைத்திருந்தவர் கணவர்தான். ஆனாலும் மனைவிக்குத்தான் ஆயத்தமாக ஒரு பெயர் இருந்தது. கணவருக்கு அதற்கு மோனையாக ஒன்றைத் தேட வேண்டியிருந்தது.

என் பணியிடத்தில் இந்த வேறுபாடு இன்னும் பச்சையாகத் தெரிகிறது. பயிற்சி முடியும் தறுவாயில் இருந்த ஓர் இளைஞர் ஒரு நாள் அழைப்பை மியூட்டில் போட்டுவிட்டு, “மேம், கேரன் கால். சூப் கேட்கிறாங்க” என்றார். மேற்பார்வையாளரிடம் பேச வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நான் ஹெட்செட்டை மாட்டிக் கேட்டேன். அந்தப் பெண் குரலை உயர்த்தவே இல்லை. திருப்பி அனுப்பிய மிக்சியின் பணம் வரவில்லை என்றார். ஆர்டர் எண், கூரியர்காரர் பெட்டியை எடுத்துச் சென்ற தேதி, முன்பு பேசிய ஏஜென்டின் பெயர், அவர் கொடுத்த வாக்குறுதி என எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைத்துப் படித்தார். திரையில் இருந்த பழைய குறிப்புகளும் அவர் சொன்னதையே சொல்லின. சுமார் அறுபது வயதுக் குரல், முழுத் தயாரிப்பு, மேற்பார்வையாளர் வேண்டும் என்ற கோரிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்ததே அவர் செய்த குற்றம். அதே ஷிஃப்டில், அதே இளைஞரிடம் ஓர் ஆண் வாடிக்கையாளர் அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகளில் கத்தினார். அவரைப் பற்றி இளைஞர் சொன்னது, “ஐரேட் கஸ்டமர், மேம்” என்பதுதான். ஆணின் கோபம் ஒரு நிலை, சற்று நேரத்தில் தணிந்துவிடும். பெண்ணின் கோரிக்கையோ அவள் எந்த வகையைச் சேர்ந்தவள் என்பதற்குச் சான்றாகிவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்களை அழைத்துப் புகார் சொல்பவர்களில் நடுத்தர வயதுப் பெண்கள் நிறையவே இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. பெரும்பாலான வீடுகளில் தவறான பில்லைக் கண்டுபிடிப்பதும், உடைந்து வந்த பொருளைத் திருப்பி அனுப்புவதும், மாமியாரின் மருந்துக்கும் பேரப்பிள்ளையின் காலணிக்கும் தொலைபேசியில் காத்திருப்பதும் அவர்கள் தலையில்தான் விழுகின்றன. கணவரின் கிரெடிட் கார்டைப் பற்றிக்கூட மனைவிதான் பேசுகிறார். கணவர் பின்னால் இருந்து தேதியைத் திருத்துவது எங்களுக்குக் கேட்கும். வீட்டாருக்காகப் புகார் செய்யும் வேலையை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, பிறகு புகார் செய்பவள் என்று அவருக்கே பட்டம் கட்டுவது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை. நிறுவனங்களுக்கு இந்தப் பட்டம் எவ்வளவு வசதியானது என்பதையும் கவனியுங்கள். கேரன் என்று பெயரெடுக்க அஞ்சும் வாடிக்கையாளர், தனக்கு வர வேண்டிய பணத்தைக் கேட்காமலே விட்டுவிடுவார்.

மறுபக்கத்தில், கடைகளிலும் அழைப்பு மையங்களிலும் குறைந்த சம்பளத்தில் நிற்பவர்கள் அவமதிப்பைத் தாங்க இப்படி ஒரு கேலியைத் தங்களுக்குள் வைத்துக்கொள்வதை நான் அறிவேன். எங்கள் உச்சரிப்பைக் கேட்டதும் அமெரிக்கர் யாரையாவது கூப்பிடு என்று கத்துபவர்களிடம் நான் அன்பு காட்டச் சொல்லவில்லை. அவர்களில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு; இருபது வயதுக்காரரும் உண்டு.

இங்கிலாந்துத் தீர்ப்பாயத்துக்கு வருகிறேன். 74 வயதுப் பெண் ஒருவர், வயது, இனம் உள்ளிட்ட காரணங்களுக்காகப் பாகுபாட்டுக்கு ஆளானதாக ஒரு தொண்டு நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு அது. அவர் சார்பாக வாதிட்டவரே நிறுவனத்தின் பெண் மேலாளர்களைப் பற்றிய எழுத்து வாதத்தில் அச்சொல்லைப் பயன்படுத்தியிருந்தார். வழக்கு தள்ளுபடியானது. வயதுப் பாகுபாட்டுக்கு எதிரான மனுவிலேயே வயதைக் கேலி செய்யும் சொல் இடம்பெறும் அளவுக்கு அது கண்ணுக்குத் தெரியாமல் கலந்துவிட்டது என்பதே என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. பாலினம், வயது என்ற அளவில் நீதிபதி சொன்னதை ஏற்கிறேன். இனவாதம் என்ற பகுதியில் எனக்கு உடன்பாடில்லை. மிஸ் ஆனையும் 1955-ஐயும் அறிந்த யாரும், வெள்ளையர் ஒரு தட்டிலும் கறுப்பினத்தவர் மறு தட்டிலும் உள்ள தராசைச் சமமாக வைக்க மாட்டார்கள்.

தமிழில் பயன்படுத்தலாமா என்றால், வேண்டாம் என்பேன். அமெரிக்காவில் அதற்கிருந்த ஒரே நியாயமான பின்னணியும் இங்கே இல்லை. எஞ்சி வருவது வயதான பெண்ணைப் பற்றிய சலிப்பு மட்டுமே. அந்தச் சலிப்புக்கு நம்மிடம் ஏற்கெனவே பஞ்சமில்லை. நகரத்துக் கல்லூரிகளில் ‘முனியம்மா மாதிரி’ என்று சொல்லும்போது ஒரு பெயரில் வயது, வர்க்கம், சாதி மூன்றையும் சேர்த்தே இழிவுபடுத்துகிறோம். சமூக ஊடகத்தில் ‘பூமர் அங்கிள்’ என்று கேலி செய்யப்படும் ஆண் பெரும்பாலும் தான் சொன்ன ஒரு பழைய கருத்துக்காகவே கேலி செய்யப்படுகிறார். அவர் அந்தக் கருத்தைக் கைவிட்டால் தப்பித்துவிடலாம். முப்பத்தைந்து வயது நடிகையின் படத்துக்குக் கீழே ‘ஆன்ட்டி’ என்று எழுதுபவர்கள், அவர் எந்தக் கருத்தையாவது சொல்லும்வரை காத்திருப்பதில்லை.