குளத்தங்கரைப் புகை

அன்புள்ள அண்ணாச்சி,

எங்கள் ஊர்க் குளத்தங்கரையில் சாயங்காலமானால் பழைய ஒயரைக் குவித்துக் கொளுத்துகிறார்கள், செம்பு எடுக்க. தொண்டையை அறுக்கிற புகை. இரண்டு குடும்பங்களுக்கு அதுதான் சோறு. மனு கொடுக்கலாமென்றால் மனசு கேட்கவில்லை. “மறுசுழற்சி நல்லதுன்னு பள்ளிக்கூடத்துல சொல்றாங்களே” என்கிறான் அவர்கள் வீட்டுப் பையன். என்ன செய்யலாம்?

மு., பாளையங்கோட்டை

அன்புள்ள மு.,

பையன் சொல்வதில் பாதி சரி. அவன் அப்பா பொறுக்காவிட்டால் அந்த ஒயரெல்லாம் குளத்துக்குள் கிடக்கும். வினை கொளுத்துவதில்தான். ஒயரின் மேலுறை பிவிசி என்கிற பிளாஸ்டிக். அதில் குளோரின் உண்டு. எரிந்தால் அமிலப் புகையோடு டையாக்சின் என்கிற கடும் விஷமும் வரும், உள்ளிருக்கும் செம்பே அதை முடுக்கிவிடும். டையாக்சின் கொழுப்பில் தங்குகிற சரக்கு. கரையில் மேயும் மாட்டின் பாலிலும், சாம்பலைக் கிளறும் கோழியின் முட்டையிலும் ஏறி வீட்டுக்கே திரும்பும்.

எனக்கு அதைவிடப் பயம் ஈயத்தின் மேல். அதற்குப் புகையின் காட்டம்கூடக் கிடையாது. ஒயரோடு வரும் பழைய எலக்ட்ரானிக் போர்டுகளில் பாகங்களைப் பொருத்த உருக்கி வைத்த பற்றாசில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஈயம். குண்டு டிவியின் கண்ணாடியிலும் உண்டு. 2006 முதல் அரசு கொடுத்த இலவச கலர் டிவிகள் அந்த ரகம்தான். எங்கள் வீட்டு டிவியை தள்ளுவண்டிக்காரரிடம் நூற்றைம்பது ரூபாய்க்குப் போட்டேன். செம்புச் சுருளை உருவிக்கொண்டு கண்ணாடியை எந்த ஓடையில் உடைத்தாரோ, நான் கேட்கவில்லை. ஆக, நீங்கள் எழுதும் மனுவில் என் பெயரும் வரவேண்டும்.

ஈயத்தூள் அப்பாவின் சாரத்தில் (லுங்கியில்) ஒட்டி வீட்டுக்குள் வரும். விழுங்கிய ஈயத்தில் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு சிறுபிள்ளை உடம்பு உறிஞ்சும். போய்த் தைப்பது மூளையில். சீனாவின் குய்யூவில் வீட்டோடு வீடாக இந்தத் தொழில் நடந்தது. 2007-ல் வெளியான ஆய்வில் அங்கே 165 பிள்ளைகளின் ரத்தத்தைப் பார்த்தார்கள். ஐந்தில் நான்கு பேருக்கு, ஈயம் அன்றைக்கு எச்சரிக்கை அளவாக வைத்திருந்த, டெசிலிட்டர் ரத்தத்துக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது.

போலீஸ் வந்தால் அடுத்த ஊர் ஓடையில் நடுராத்திரியில் எரிப்பார்கள், அவ்வளவுதான். கருகிய செம்பைவிட சீவிய செம்புக்குக் கடையில் விலை கூடுதல். சீவ நேரமாகிறதென்றுதான் நெருப்பு. கையால் சுற்றி ஒயர் உரிக்கும் மெஷின் இருக்கிறது. நாலு பேர் சேர்ந்தால் வாங்கிவிடலாம். முடி மாதிரி மெல்லிய ஒயர் அதில் நிற்காது. அதையும் போர்டையும் உடைக்காமல் அப்படியே வாங்க, பதிவு பெற்ற ஆள் நம் பக்கம் வரவேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள மின்னணுக் கழிவு விதிகள், பழைய சாமானைப் பதிவு பெற்றவர்கள் மூலம் மறுசுழற்சி செய்ய வைக்கும் பொறுப்பைத் தயாரிக்கிற கம்பெனிகள் தலையில் வைத்திருக்கின்றன. மனுவை அதற்கு எழுதுங்கள்.

அதற்குள் அப்பா வாசலிலேயே சாரத்தை மாற்றிக் கைகால் கழுவட்டும். பையனுக்கு ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லுங்கள். மெஷினுக்குப் பணம் பிரித்தால் அந்த நூற்றைம்பதிலிருந்து தொடங்குங்கள்.