பிள்ளைகளை ஆடு போல மேய்க்கிறது!

கேள்வி: பத்து மாத பார்டர் காலி இன நாய் வளர்க்கிறோம். எட்டு வயது, ஐந்து வயதுப் பிள்ளைகள் ஓடினால் துரத்திப் போய்க் குதிகாலைக் கவ்வுகிறது. தெருவில் பைக்கைக் கண்டால் பாய்கிறது. தினமும் மாடியில் ஒரு மணி நேரம் பந்து எறிந்தும் அடங்கவில்லை. நாலு அடி போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர். என்ன செய்வது?
- வாசகி, கோவை

பதில்: சகோதரி, கொடுத்துவிடும் யோசனையைத் தள்ளி வையுங்கள். அடி வேண்டவே வேண்டாம். அடித்தால் கைக்குப் பயப்படும், துரத்தும் ஆசை அப்படியே இருக்கும்.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லைப் பகுதியில் ஆடு மேய்க்கவென்றே உருவாக்கிய இனம் இது. 1893இல் பிறந்த ஓல்டு ஹெம்ப் என்ற நாயைத்தான் இந்த இனத்தின் மூதாதை என்பார்கள். உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது என்று வேட்டைக் குணத்தின் முன்பாதியைக் கூர்மையாக்கி, கொல்லும் குணத்தை மழுக்கி வளர்த்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் ஆடு இல்லை, ஓடுவது பிள்ளைகள்தான். அவர்கள் அலறி ஓட ஓட அதற்கு உற்சாகம் ஏறும்.

அதனால் முதல் பயிற்சி பிள்ளைகளுக்கு. நாய் நெருங்கினால் கத்தாமல், கையை மடக்கிச் சிலை மாதிரி நிற்கட்டும். ஓடிப் பிடித்து விளையாடும் நேரத்தில் நாய் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும். அப்புறம் நாய்க்கு. வாரில் பிடித்துக்கொண்டு, ஒரு பிள்ளையைத் தொலைவில் மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். நாய் அவனை விட்டு உங்களைப் பார்த்ததும் ஒரு துண்டு கோழிக்கறி கொடுங்கள். அது பழகிய பிறகு வேக நடை, அதன் பிறகே ஓட்டம். வாரக்கணக்கில் ஆகும், அவசரப்படாதீர்கள். பைக்குக்கும் இதே முறைதான். தலையைத் தாழ்த்தி முறைக்கத் தொடங்கும் முன்பே கூப்பிட வேண்டும். பாய்ந்துவிட்டால் உங்கள் குரல் அதன் காதில் ஏறாது.

பந்தைப் பத்து நிமிடமாகக் குறையுங்கள். ஒரு மணி நேரப் பந்து, துரத்தும் பழக்கத்தையே தினமும் தீட்டிவிடுகிறது. இந்த நாய்க்கு மூளைக்குத்தான் தீனி வேண்டும். அமெரிக்காவில் ஜான் பில்லி என்ற உளவியல் பேராசிரியர் வளர்த்த சேஸர் என்ற பார்டர் காலி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகளின் பெயரைக் கற்றுக்கொண்டது! நீங்கள் ஐந்து பெயரில் தொடங்குங்கள். காலைச் சாப்பாட்டைப் பழைய துண்டில் சுருட்டி ஒளித்து, தேடித் தின்னவிடுங்கள். பாயில் சும்மா படுத்திருந்தாலும் பரிசு கொடுங்கள். ஓய்வெடுக்கவும் இதற்குக் கற்றுத்தர வேண்டியிருக்கிறது.

வெயிலுக்கு முன் நடை முடியட்டும். முடியை மழிக்காதீர்கள். பல் பட்டுத் தோல் கிழிந்தால், தடுப்பூசி போட்ட நாயென்றாலும் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி மருத்துவரிடம் போங்கள்.

இன்னொன்று முக்கியம். காலி வகை நாய்கள் சிலவற்றுக்கு ஐவர்மெக்டின் மருந்து நஞ்சாகும் மரபணுக் குறை உண்டு. பார்டர் காலியில் அது அரிதுதான். ஆனாலும் சொறிக்கோ உண்ணிக்கோ ஊசி போடும் முன் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள், கடையில் வாங்கி நீங்களே கொடுக்காதீர்கள்.

சும்மா நிற்கும் பிள்ளையைப் பார்த்து உறுமினாலோ, ரத்தம் வரக் கடித்தாலோ தாமதிக்காமல் பயிற்சியாளரை அழையுங்கள். முதல் நாளே கழுத்தை இறுக்கும் சங்கிலியை எடுப்பவர் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.