நேர்மை என்ற அட்டையை நானும்தான் எடுத்தேன்

கேள்வி: "நல்ல வேலையில் இருக்கிறேன். ஆனால் எதற்காக வாழ்கிறேன் என்று தெரியவில்லை. என் வாழ்க்கையின் நோக்கத்தையும் அடிப்படை விழுமியங்களையும் எப்படிக் கண்டுபிடிப்பது?"

இந்தக் கேள்வியை நள்ளிரவுக்கு மேல்தான் எழுதியிருப்பீர்கள். உங்களோடு படித்த யாரோ ஒருவர் வேலையை உதறிவிட்டு, "என் பாதையைக் கண்டுகொண்டேன்" என்று மலை உச்சியில் நிற்கும் படம் ஒன்றைப் போட்டிருப்பார். அதைப் பார்த்த நாளிலிருந்து உங்களுக்கு உறக்கம் கெட்டிருக்கும். தவறாக ஊகித்திருந்தால் மன்னியுங்கள். எனக்கு அப்படித்தான் ஆரம்பித்தது.

உங்களுக்குப் பதில் சொன்ன மூன்று பேர், நான்கு வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் படத்தைப் போட்டிருக்கிறார்கள்: பிடித்தது, திறமை உள்ளது, உலகத்துக்குத் தேவையானது, பணம் தருவது, நடுவில் 'இக்கிகாய்', அதாவது வாழ்வதற்கான காரணம். ஜப்பானியரின் பழைய ஞானம் என்றும் எழுதியிருக்கிறார்கள். சொல் மட்டும்தான் ஜப்பானியருடையது. வட்டங்களை 2011இல் வரைந்தவர் ஆந்த்ரேஸ் சுசுனாகா என்ற ஸ்பெயின் நாட்டு ஜோதிடர். அவர் நடுவில் எழுதியிருந்தது 'நோக்கம்' என்று. 2014இல் மார்க் வின் என்பவர் அதை எடுத்துவிட்டு இக்கிகாயை அங்கே வைத்தார். ஜோதிடர் வரைந்தது என்பதற்காகக் குறை சொல்லவில்லை. அந்தப் படத்தை நானும் அலுவலக மேசையில் ஒட்டி வைத்து எட்டு மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு வட்டத்திலும் எதையோ எழுதிவிட முடிந்தது. நடுவில் மட்டும் எதுவும் வந்து உட்காரவில்லை. அந்தக் கடுப்பு இன்னும் இருக்கிறது, அவ்வளவுதான்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு உபயோகப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் தராசுகளைச் சோதித்துச் சான்றிதழ் எழுதும் தொழிலில் இருக்கிறேன். கடைத் தராசு அல்ல, ஆய்வகங்களில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பவை. ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும். மூச்சுக்காற்று பட்டாலே எண் ஆடும். இந்த வேலைக்குக் காலிபரேஷன் என்று பெயர். தமிழில் 'அளவுத்திருத்தம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் ஒரு மனத்தாங்கல் உண்டு. நாங்கள் முதலில் செய்வது திருத்தம் இல்லை. எடை தெரிந்த ஒரு கல்லைத் தட்டில் வைத்து, தராசு எவ்வளவு தவறாகக் காட்டுகிறது என்று எழுதிக் கொடுப்போம். திருத்துவது அதற்குப் பிறகு, தனி வேலை. பிழையை எழுதுவதற்கு முன்பே திருத்த ஆரம்பித்தால் பழைய பிழை எவ்வளவு என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

எனக்கு 34 வயதானபோது எங்கள் நிறுவனத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஒரு பயிற்சி வைத்தார்கள். பயிற்சி கொடுக்க வந்தவர் ஒவ்வொருவர் முன்பும் ஐம்பதுக்கும் மேற்பட்ட அட்டைகளைப் பரப்பினார். சுதந்திரம், குடும்பம், படைப்பாற்றல், சாதனை, கருணை என்று அட்டைக்கு ஒரு சொல். பாதியைத் தள்ளு, மறுபடியும் பாதியைத் தள்ளு, கடைசியில் ஐந்தை வைத்துக்கொள். அந்த ஐந்துதான் உன் விழுமியங்கள். நான் முதலில் எடுத்து வைத்தது 'நேர்மை'. பக்கத்தில் எட்டிப் பார்த்தேன். அவரும் நேர்மை. எதிரில் இருந்தவரும் நேர்மை. அறையில் அந்த அட்டையைக் கீழே போட்டவர் ஒருவர்கூட இல்லை என்று நினைக்கிறேன்.

இதில் எங்களைக் கேலி செய்வதற்கு எதுவுமில்லை. மில்டன் ரோக்கீச் என்ற உளவியலாளர் 18 இலக்குகளையும் 18 நடத்தைப் பண்புகளையும் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லும் சோதனை ஒன்றை உருவாக்கினார். 1968இல் அமெரிக்கா முழுவதும் அதை நடத்தியபோது, பண்புகளில் ஆண், பெண் இருபாலாருக்கும் முதலிடம் நேர்மைக்குத்தான். ஊரே நேர்மையை விரும்புகிறது. அதனால்தான் அந்தச் சொல் உங்களைப் பற்றி உங்களுக்கு எதையும் சொல்லாது.

பயிற்சி முடிந்து பதினோராவது நாள், ஒரு மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வகத்துக்குப் போனேன். அங்கே மறுநாள் தணிக்கை. மொத்தம் பதினான்கு தராசுகள். ஒன்பதை முடித்தபோது மாலை ஆகிவிட்டது. அவசரப்பட முடியாத வேலை இது. எடைக்கற்கள் அறையின் வெப்பநிலைக்கு வர வேண்டும். நடுவில் வைத்துப் பார்த்த கல்லைத் தட்டின் நான்கு மூலைகளிலும் வைத்துப் பார்க்க வேண்டும். மேலாளர் தொலைபேசியில் சொன்னார்: "மீதி ஐந்துக்கும் போன வருட எண்கள் இருக்கின்றன அல்லவா, கொஞ்சம் மாற்றிப் போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்தத் தராசுகள் எங்கே ஓடிவிடப் போகின்றன?"

போட்டுக் கொடுத்தேன். பொய் எண் எழுதவும் அனுபவம் வேண்டும். ஐந்தையும் ஒரே மாதிரி எழுதினால் சந்தேகம் வரும். ஒன்றில் 0.1 மில்லிகிராம் கூட்டினேன், இன்னொன்றில் 0.2 குறைத்தேன், ஒன்றை அப்படியே விட்டேன். என் தொழில்திறமை முழுவதையும் அந்த ஒரு மணி நேரத்தில் பார்த்திருக்கலாம். அன்று இரவு மனச்சாட்சி உறுத்தி உருண்டு புரண்டேன் என்று எழுதினால் இந்தப் பதில் அழகாக இருக்கும். நன்றாகத் தூங்கினேன்.

ஒரு மாதம் கழித்து வேறொரு கருவிக்காக அதே ஆய்வகத்துக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் பெண் ஒருவர், சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது, என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். ஜன்னலை ஒட்டி இருந்த தராசு மீது அவருக்குச் சந்தேகம். யாரும் சொல்லாமல் தானாகவே, அதில் எடுத்த ஒவ்வொரு எடையையும் இன்னொரு தராசிலும் எடுத்து இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்திருந்தார். அறிக்கைகளில் இரண்டாவது தராசின் எண்களையே போட்டிருந்தார். பக்கம் பக்கமாக, சிறிய கையெழுத்தில். "சார், நீங்கள் பார்த்தபோது இது சரியாக இருந்ததா?" என்று கேட்டார்.

"இருந்தது" என்றேன்.

அவர் உடனே நம்பிவிட்டார். அதுதான் தாங்கவில்லை. "அப்படியானால் நான்தான் எங்கோ தவறு செய்கிறேன் போலிருக்கிறது" என்று சொல்லி நோட்டை மூடிக்கொண்டார். நான் அப்போதே கற்களை எடுத்துவந்து அந்தத் தராசைச் சோதித்தேன். 200 கிராம் எடையில், வலது பின்மூலையில் 6 மில்லிகிராம் பிழை. அந்த வகைத் தராசுக்கு அது பெரிய பிழை. "இப்போதுதான் நகர்ந்திருக்கும்" என்று இன்னொரு பொய்யைச் சொல்லிச் சரிசெய்து, புதுச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தேன். அவருடைய நோட்டின் புண்ணியத்தில் அந்தத் தராசால் கெடுதல் எதுவும் நடக்கவில்லை. மற்ற நான்கையும் அன்றே சோதித்தேன், அவை சரியாக இருந்தன. என் அதிர்ஷ்டம்.

அந்த இரவுதான் தூக்கம் போனது. கையெழுத்துப் போட்டபோது போகாத தூக்கம், "இருந்தது" என்ற ஒரு சொல்லுக்குப் போனது. இதில் என்ன கணக்கு என்று யோசித்து யோசித்து மூளை குழம்பிவிட்டது. இரண்டும் பொய்தானே!

மறுநாளிலிருந்து ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். அந்தப் பெண்ணைப் பார்த்துக் கற்றதுதான். இரண்டு பத்தி. இடதுபக்கம் நான் முக்கியம் என்று சொல்லிக்கொள்வது. வலதுபக்கம் அது வேறொன்றோடு மோதியபோது உண்மையில் நான் செய்தது. மோதல் நடந்த நாட்களை மட்டும் எழுதினேன். எதிர்ப்பு இல்லாத நாளில் எல்லோரும் உத்தமர்கள், அந்த நாட்களை எழுதிப் பயனில்லை. திருத்திக்கொள்ளவும் முயலவில்லை, பிழையை மட்டும் குறித்தேன். மூன்று மாதத்தில் ஏழு மோதல்கள். ஐந்தில் ஜெயித்தது பாதுகாப்பு: மாதச் சம்பளம், மேலாளரின் முகம் கோணாமல் இருப்பது, வீட்டுக் கடன். நேர்மை ஜெயித்த இரண்டு இடத்திலும் ஒரே காரணம். கருவியைப் பயன்படுத்தப் போகிற ஆள் என் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

ஷாலோம் ஷ்வார்ட்ஸ் என்ற ஆய்வாளர் 1992இல் பத்து அடிப்படை விழுமியங்களை ஒரு வட்டமாக அடுக்கிக் காட்டினார். அடுத்தடுத்து இருப்பவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். எதிரெதிரே இருப்பவை இழுத்துக்கொள்ளும். அவருடைய வட்டத்தில் பாதுகாப்பும் இணங்கிப்போவதும் அண்டைவீட்டுக்காரர்கள். அதைப் படித்தபோது என் நோட்டின் வலதுபக்கத்தை யாரோ வரைந்து காட்டியது போல இருந்தது. பத்தும் எல்லோரிடமும் இருக்கிறது. ஆளுக்கு ஆள் மாறுவது எது எதற்கு வழிவிடுகிறது என்பதுதான். அட்டையில் அது தெரியவே தெரியாது.

எங்கள் துறையில் பிரபலமான ஒரு விஷயம் உண்டு. 1889 முதல் 2019 வரை உலகத்துக்கே கிலோகிராம் என்றால் பாரிஸ் அருகே பூட்டி வைத்திருந்த ஒரு பிளாட்டினம்-இரிடியம் உருளைதான். அதோடு செய்த நகல்களை எப்போதோ ஒருமுறை கொண்டுவந்து ஒப்பிடுவார்கள். நூறு வருடத்தில் ஏறக்குறைய 50 மைக்ரோகிராம் வித்தியாசம் வந்துவிட்டது. மாறியது உருளையா, நகல்களா? சொல்ல வழியில்லை. உருளை வைத்ததுதான் சட்டம், அதனால் அது தவறாக இருக்கவே முடியாது. 2019 மே 20ஆம் தேதி அதைக் கைவிட்டு, இயற்கையில் என்றும் மாறாத ஓர் அளவான பிளாங்க் மாறிலியை அடிப்படையாக வைத்தார்கள். நான் என்னையே எடைக்கல்லாக வைத்துக்கொண்டு என்னை அளந்த வருடங்களை நினைத்தால் அந்த உருளை ஞாபகம் வரும்.

இப்போது ஒருவர் வந்து, "போலிச் சான்றிதழ் எழுதியவர் விழுமியம் பேசுகிறாரா?" என்பார். கேளுங்கள், தப்பில்லை. இன்னொருவர், "உடனே வேலையை விட்டிருக்க வேண்டும்" என்பார். ஐயா, நான் அதற்குப் பிறகும் இரண்டு வருடம் அங்கேதான் இருந்தேன். கடன் முடிந்த பிறகுதான் வெளியே வந்தேன். எண்ணை மட்டும் அதற்குப் பிறகு பொய்யாக எழுதவில்லை. நேரம் போதாவிட்டால் 'சோதிக்கப்படவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன், அதற்காக ஒரு வருட ஊதிய உயர்வு போனது. இதை வீரம் என்று சொல்லிக்கொள்ள வரவில்லை. கடன் இன்னும் பெரிதாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே சந்தேகம்தான்.

நோக்கம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதில் சொல்ல அதிகம் இல்லை. அந்த ஆய்வகத்திலிருந்து கிளம்பும் முன் அந்தப் பெண்ணுக்கு, ஒரே ஒரு எடைக்கல்லை வைத்துத் தினமும் காலையில் தராசைத் தானே சோதித்துக்கொள்வது எப்படி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். குற்ற உணர்ச்சியில் செய்தது. அடுத்த இடத்திலும் எழுதிக் கொடுத்தேன். பிறகு பார்த்தால், போகிற இடத்தில் எல்லாம் கடைசிப் பதினைந்து நிமிடம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், அதற்காகவே சீக்கிரம் வேலையை முடித்தேன். இப்போது முழுநேரமும் அதுதான் வேலை: ஆய்வகப் பணியாளர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. சம்பளம் குறைவு. இதை நோக்கம் என்று அழைக்கக் கூச்சமாக இருக்கிறது. ஆரம்பத்தில் சொல்லிக்கொடுக்கவே வராது, பாதிப்பேர் தூங்கினார்கள். ஆர்வம் என்பது எங்கோ தயாராக ஒளிந்திருக்கிறது, கண்டுபிடித்தால் போதும் என்று நம்புகிறவர்கள், விஷயம் கடினமாகும்போது அதில் ஆர்வத்தைச் சீக்கிரம் இழந்துவிடுகிறார்கள் என்று 2018இல் ஓகீஃப், டுவெக், வால்டன் என்ற உளவியலாளர்கள் ஓர் ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். நான் கைவிடாததற்குக் காரணம், அதை ஆர்வம் என்று நினைக்காததுதான். கடன் என்று நினைத்தேன்.

கேட்டதோடு சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பயிற்சி நடந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்று விடுப்பு தருவதாகச் சொன்னார்கள். மூன்று முறை விண்ணப்பித்தேன். முதல் முறை படிவம் மாறிவிட்டது என்றார்கள், இரண்டாவது முறை காலக்கெடு முடிந்தது என்றார்கள், மூன்றாவது முறை பதிலே இல்லை. அந்த அறையின் சுவரில் 'ஊழியரின் நேரத்தை மதிக்கிறோம்' என்று சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். நிறுவனங்களுக்கும் வலதுபக்கப் பத்தி ஒன்று வேண்டும்.

அந்தப் பெண்ணிடம் உண்மையை இதுவரை சொல்லவில்லை. அவர் இப்போது வேறொரு ஆய்வகத்தில் பொறுப்பான பதவியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். தொலைபேசி எண் இருக்கிறது. எடுத்து எடுத்து வைக்கிறேன். என் நோட்டில் நிரம்பாமல் இருக்கும் வரி அது ஒன்றுதான். இதை அவர் படித்தால் அடையாளம் கண்டுகொள்வார்: ஜன்னலை ஒட்டிய தராசு, வலது பின்மூலை. தவறு உங்களுடையது இல்லை, மேடம். சான்றிதழ் எழுதிய அன்று நான் அதன் கண்ணாடிக் கதவைத் திறக்கவே இல்லை.