குஞ்சுத் தொட்டியில் ஹைட்ரா: சுரண்டினால் தீராது

கேள்வி: வண்ணமீன் குஞ்சுகள் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியின் சுவரில் வெள்ளை நூல் போன்ற உயிரிகள் ஒட்டியிருக்கின்றன. பிளேடால் சுரண்டினேன், சில நாட்களில் முன்பைவிட அதிகமாகிவிட்டன. பொரித்த குஞ்சுகளும் குறைகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: பெரும்பாலும் அது நன்னீரில் வாழும் ஹைட்ரா என்ற சின்ன உயிரிதான். லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒரு முனை கண்ணாடியைப் பற்றியிருக்கும். மறுமுனையில் மெல்லிய உணர்கொம்புகள் விரிந்திருக்கும். தொட்டால் சட்டென்று சுருங்கிப் புள்ளியாகிவிடும். உடலின் பக்கத்தில் இன்னொரு குட்டி ஹைட்ரா நீட்டிக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். அதுதான் மொட்டு. தாயின் உடற்சுவர் புடைத்து, அதில் கொம்புகளும் வாயும் முளைத்து, அடிப்பகுதி குறுகி, தனி உயிராகப் பிரிந்துவிடும். இணை தேவையில்லை. வயிறு நிறைந்தால் போதும், சில நாட்களில் அடுத்தது தயார்.

அந்த வயிற்றை நிரப்புவது நீங்கள்தான். குஞ்சுகளுக்கென்று உயிருணவாகப் போடும் ஆர்ட்டீமியாவும் (உப்புநீர்ச் சிற்றிறால்) டாப்னியாவும் (நீர்த்தெள்ளு) ஹைட்ராவுக்கும் விருந்து. கொம்பிலுள்ள கொட்டும் செல்களால் அன்று பொரித்த குஞ்சையும் அது மடக்கிவிடும்.

பிளேடை விட்டுவிடுங்கள். 1740களிலேயே ஆபிரகாம் டிரெம்பிளி என்ற இயற்கையியலாளர் ஹைட்ராவை வெட்டி, துண்டுகள் முழு உயிர்களாக வளர்வதைக் காட்டியிருக்கிறார். நீங்கள் சுரண்டியபோது அறுபட்ட துண்டுகள் தண்ணீரில்தான் விழுந்திருக்கும்.

குஞ்சுகளைச் சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். பழைய தண்ணீர், செடி, ஸ்பாஞ்ச் எதுவும் கூடவே போகக் கூடாது. காலியான தொட்டியை பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்துத் தேய்த்து, குளோரின் வாசம் போகும்வரை அலசி, வெயிலில் முழுமையாக உலர்த்துங்கள். உலர்த்துவது மட்டும் போதாது: நெருக்கடி வந்தால் ஹைட்ரா மொட்டு விடுவதை நிறுத்தி, கெட்டியான உறையுள்ள கருமுட்டைகளை இடும், அவை வறட்சியைத் தாங்கும்.

தாமிர மருந்துகள் ஹைட்ராவைக் கொல்லும். இளம் குஞ்சுகளும் தப்பாது. ஃபென்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்து பலன் தரும், ஆனால் தொட்டியில் நத்தை இருந்தால் அதுவும் சாகலாம். அளவை மீன்நோய் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கௌராமி மீன் ஹைட்ராவைத் தின்னும் என்பார்கள். உண்மைதான், குஞ்சுகளையும் சேர்த்துத் தின்றுவிடும்.

ஹைட்ரா பெரும்பாலும் குளத்து டாப்னியா, நீர்ச்செடி வழியாகத்தான் தொட்டிக்கு வருகிறது. ஆர்ட்டீமியாவை உப்புநீரில் நீங்களே பொரித்து, வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். அந்த உப்பில் ஹைட்ரா பிழைக்காது. குஞ்சுகள் சில நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே போடுங்கள். மீந்ததை அன்றே குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.