சயனைடு ஜிங்க் பிளேட்டிங்கை விட்டு மாறினால் தரம் போய்விடுமா?

போகாது. இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க, கரைசல் தொட்டியில் மின்சாரம் விட்டு ஜிங்க் (துத்தநாகம்) பூசுகிற வேலையைச் சொல்கிறேன்; அந்தக் கரைசலில் சயனைடு என்ற விஷத்தைச் சேர்ப்பது பழைய முறை. நீங்கள் சின்ன ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கிறீர்கள், கஸ்டமர் யாரோ 'சயனைடு கூடாது' என்று ஆர்டரிலேயே எழுதிவிட்டார் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

கோவையில் எங்கள் பட்டறையில் அப்பா காலத்திலிருந்து சயனைடு தொட்டிதான். அது பூசுவது மட்டுமில்லை, கழுவவும் செய்யும். எண்ணெய்ப் பிசுக்கோடு வருகிற பிராக்கெட்டை அரைகுறையாகக் கழுவிப் போட்டாலும் ஜிங்க் பிடித்துவிடும். "சயனைடு இருக்கிற வரைக்கும் நமக்கு வேலை சுலபம் தம்பி" என்பார் எங்கள் பழைய மேஸ்திரி. உண்மைதான்.

சயனைடு இல்லாத காரத் தொட்டி போட்டோம். லிட்டருக்கு ஜிங்க் சுமார் 10 கிராம், காஸ்டிக் 120 கிராம். முதல் லாட்டிலேயே வளைவுகளில் கொப்புளம். கெமிக்கல் கொடுத்தவர் பிரைட்னரை, அதாவது பளபளப்புக்குச் சேர்க்கிற மருந்தை, கூட்டச் சொன்னார். அது அதிகமானால் பூச்சு இன்னும் முறுகிப்போகும், அதனால் தொடவில்லை. பிளேட்டிங்குக்கு முன் கழுவி எடுத்த பீஸைத் தூக்கிப் பார்த்தால், தண்ணீர் ஒரே படலமாக நிற்காமல் முத்து முத்தாகப் பிரிந்து ஓடியது. எண்ணெய் போகவில்லை என்று அர்த்தம். அதனால் சூடான சோக் கிளீனர் (பீஸை ஊறவைத்து எண்ணெய் எடுக்கும் கரைசல்), அப்புறம் ஆனோடிக் எலெக்ட்ரோ கிளீனிங் (பீஸை பாசிட்டிவ் முனையில் மாட்டி மின்சாரம் விட்டுக் கழுவுவது), நடுவில் நல்ல தண்ணீரில் அலசல் என்று வைத்தோம். கொப்புளம் நின்றது. ஆகவே உங்கள் பணத்தை முதலில் கழுவும் வரிசையில் போடுங்கள்.

வார்ப்பிரும்புக்கு இந்தக் காரத் தொட்டி சரிவராது, ஆசிட் குளோரைடு என்கிற அமிலக் கரைசல் தொட்டிதான். பிஎச் 5 முதல் 6 வரை வைக்க வேண்டும். வேகம், பளபளப்பு இரண்டும் உண்டு. ஆனால் குழிகளில் பூச்சு மெலியும், தொட்டியில் விழுந்த பீஸை எடுக்காமல் விட்டால் இரும்பு கரைந்து கரைசல் கெடும்.

பழைய சயனைடு தொட்டியிலேயே குளோரைடு கரைசலை ஊற்றிவிடாதீர்கள். ஓரத்தில் மிச்சம் இருந்தாலும் அமிலம் பட்டதும் ஹைட்ரஜன் சயனைடு வாயு வரும், ஆளைக் கொல்லும். சயனைடு கலந்த அலசல் தண்ணீருக்கு பிஎச் 10க்கு மேல் வைத்து, விஷத்தை முறிக்க ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) போடலாம். வீரியமான பழைய கரைசலை அனுமதி பெற்ற கழிவு நிறுவனத்திடம்தான் கொடுக்க வேண்டும்.

'இத்தனை வருஷம் சயனைடில் ஓட்டினோம், யாருக்கு என்ன ஆச்சு' என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். துரு எடுக்கிற உங்கள் பிக்கிளிங் ஆசிட் தொட்டி சயனைடு தொட்டியிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். கெமிஸ்ட்ரி படித்தவர்களும் பொறுத்துக்கொள்ளுங்கள், நான் தொட்டி ஓரத்தில் கற்றதைத்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஆத்திரம் வேறு. சயனைடு இல்லை என்று சான்றிதழ் கேட்கிற பெரிய கம்பெனிக்காரர்கள், கிலோ ரேட்டை மட்டும் பழைய சயனைடு கணக்கிலேயே பேசுகிறார்கள். சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006லேயே சட்டம் வந்துவிட்டது. போன் போட்டால் "பில் அக்கவுண்ட்ஸில் இருக்கு சார்" என்கிறார்கள். ஆர்டர் எடுக்கும் முன்பே ரேட்டை ஏற்றிக் கேளுங்கள், பிறகு தரமாட்டார்கள்.