மகள் சொராரிட்டியில் சேரப் போகிறாளாம், தடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் டெக்ஸாஸில் இருக்கிறோம். மகள் வேறு ஊரில் காலேஜ் முதலாம் ஆண்டு படிக்கிறாள். டிசம்பர் லீவுக்கு வந்தவள், ஜனவரியில் ஏதோ சொராரிட்டியில், அதாவது காலேஜ் பெண்கள் மட்டும் சேருகிற ஒரு சங்கத்தில், சேர முயற்சி செய்யப் போவதாகச் சொன்னாள். "குடித்துக் கூத்தடிக்கிற கும்பல் அது, சேர்ந்தால் காலேஜ் ஃபீஸ் கட்ட மாட்டேன்" என்று என் கணவர் கத்திவிட்டார். இரண்டு நாளாக அவள் அறைக் கதவு சாத்தியே கிடக்கிறது. வீடியோக்களைப் பார்த்தால் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. எல்லாப் பெண்களும் ஒரே மாதிரி முடி, ஒரே மாதிரி உடை, ஒரே ஆட்டம். நான் யார் பக்கம் நிற்பது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

அன்புச் சகோதரி,

முதலில் போய் அந்தக் கதவைத் தட்டுங்கள். சொராரிட்டி நல்லதா கெட்டதா என்கிற பேச்சையெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளலாம். ஃபீஸ் கட்ட மாட்டேன் என்ற மிரட்டலை உங்கள் கணவர் அவளிடம் நேரில் வாபஸ் வாங்க வேண்டும், நாளைக்குள்.

அவர் பயத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. 2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரு ஃபிரட்டர்னிட்டியில் (பையன்களுக்கான இதே மாதிரிச் சங்கம்) சேர ஒப்புக்கொண்ட 19 வயதுப் பையனுக்கு, அன்று இரவே, 82 நிமிடத்தில் 18 முறை மது ஊற்றிக் கொடுத்தார்கள். படிக்கட்டில் தலைகுப்புற விழுந்தான். அவனைச் சோபாவில் கிடத்தி வைத்துவிட்டு, ஆம்புலன்ஸைக் கூப்பிட ஏறக்குறைய 12 மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சங்கத்தின் வீட்டுக்குள் இருந்த கேமராக்களில் அத்தனையும் பதிவாகியிருந்தது. அந்த வீட்டில் மதுவே கூடாது என்பதுதான் விதி. இரண்டு நாளில் அவன் போய்விட்டான். இதைப் படித்த எந்த அப்பாவுக்கும் வயிறு கலங்கும். 1990களில் ஹார்வர்டு பொதுச் சுகாதாரக் கல்லூரி எடுத்த ஆய்வுகளிலும், ஃபிரட்டர்னிட்டி, சொராரிட்டி வீடுகளில் தங்கியவர்கள் மற்ற மாணவர்களைவிட அளவு மீறிக் குடிக்கிறார்கள் என்றுதான் வந்தது.

நீங்களும் தமிழ்நாட்டில் படித்தவர் என்றால் 1996 நாவரசு கொலை ஞாபகம் இருக்கும். அடுத்த வருடமே ராகிங் தடைச் சட்டம் வந்தது. இங்கே ஹேஸிங் என்று சொல்வதை நம் ஆட்கள் ராகிங் என்றே புரிந்துகொள்கிறார்கள், ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ராகிங் நாம் கேட்காமல் நம் மேல் வந்து விழுவது. ஹேஸிங், சேர ஆசைப்பட்டவர்களிடம் "உள்ளே வரணுமா, அப்போ இதைச் செய்" என்று விலை கேட்பது. தானே விரும்பிப் போன இடம் என்பதால் மாட்டிக்கொண்டவர் வெளியே வாயைத் திறக்க மாட்டார், அந்த வெட்கத்தை நம்பித்தான் இது நடக்கிறது. டெக்ஸாஸ் சட்டத்தில் "அவளே சம்மதித்தாள்" என்பது தப்பிக்க வழி கிடையாது, சம்மதித்தாலும் குற்றம் குற்றம்தான். இது உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது ஃபீஸ் மிரட்டலுக்கு வருகிறேன். நாளைக்கு ராத்திரி இரண்டு மணிக்கு, தெரியாத வீட்டில், கூட வந்த தோழி மயங்கிக் கிடக்கிறாள் என்று வையுங்கள். 'அப்பாவுக்குத் தெரிந்தால் படிப்பே போச்சு' என்று நினைக்கிற பெண் யாருக்கு போன் செய்வாள்? போன் செய்யவே மாட்டாள், விடியட்டும் என்று உட்கார்ந்திருப்பாள். எனக்கு அந்தக் கும்பலைவிட இந்தக் காட்சிதான் அதிக பயம் தருகிறது. அதில் பாதி நம் கையில் இருக்கிறது என்பதால் சொல்கிறேன்.

சரி, அது என்ன கூட்டம்? என் மூத்த பெண் சேர்ந்தபோது நானும் உங்களைப்போல்தான் இருந்தேன். முதல் முறை அந்த வீட்டுக்குப் போனதை மறக்க மாட்டேன். வாசலில் முப்பது நாற்பது ஜோடிச் செருப்பு, ஷூ. உள்ளே நுழைந்ததும் சமையலறைச் சுவரில் யார் எந்த நாள் பாத்திரம் தேய்க்க வேண்டும் என்று அட்டவணை. பக்கத்து அறைக் கதவில் 'இங்கே பேசக் கூடாது' என்று கையால் எழுதி ஒட்டியிருந்தது, எட்டிப் பார்த்தால் ஒரு பெண் கெமிஸ்ட்ரி புத்தகத்தின் மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டைப் பார்த்துக்கொள்ள அறுபது வயதுக்கு மேல் ஒரு அம்மா, ஆண்கள் மாடிக்குப் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நம் ஊர் லேடீஸ் ஹாஸ்டல் வார்டன் ஞாபகம் வந்தது. ஆனால் அதே வீட்டின் நடைவழியில், ஒவ்வொரு வருடத்து உறுப்பினர்களின் முகங்களையும் வரிசையாகப் போட்ட பெரிய போட்டோ சட்டங்கள் மாட்டியிருந்தார்கள். பழைய வருடங்களில் ஒரு கறுப்பு முகம்கூட இல்லை, பழுப்பு முகமும் இல்லை. வெகுதூரம் நடந்து வந்த பிறகுதான் ஒன்று தென்பட்டது. அதையும் நான் மறக்கவில்லை. 2013 வரைகூட அலபாமா பல்கலைக்கழகத்தில், தகுதி எல்லாம் இருந்தும் கறுப்பினப் பெண்களைப் பழைய சொராரிட்டிகள் ஒதுக்கியதை மாணவர் பத்திரிகைதான் வெளியே கொண்டுவந்தது. ஒரே மாதிரி முடி, உடை என்று நீங்கள் சொன்னது வெறும் கண் பிரமை இல்லை.

இந்தச் சங்கங்களுக்குக் கிரேக்க எழுத்துகளில்தான் பெயர் வைப்பார்கள். ஆனால் அப்படிப் பெயர் வைத்ததெல்லாம் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். 1776இல் வர்ஜீனியாவில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கிய ஃபை பீட்டா கப்பாதான் இந்தப் பெயர் வைக்கும் பழக்கத்துக்கே ஆரம்பம், இன்றைக்கு அது நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கான கௌரவச் சங்கம். எஞ்சினியரிங், பிசினஸ் படிப்பவர்களுக்குத் தனித்தனியாக உண்டு, சேவைக்கென்றே உண்டு. வெள்ளையர் சங்கங்கள் கதவை மூடியதால் கறுப்பின மாணவர்கள் தங்களுக்கென்று தொடங்கியவை இன்னொரு பெரிய வரலாறு. ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1913 ஜனவரியில் 22 பெண்கள் சேர்ந்து டெல்டா சிக்மா தீட்டாவைத் தொடங்கினார்கள், மார்ச் 3ஆம் தேதி வாஷிங்டனில் பெண்கள் ஓட்டுரிமை ஊர்வலத்தில் போய் நின்றார்கள். அதே ஹோவர்டில் 1908இல் தொடங்கிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில் சேர்ந்தவர்தான் நம் சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ். உங்கள் கணவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

உங்கள் மாநிலத்திலேயே தெற்காசியப் பெண்கள் தொடங்கிய சொராரிட்டிகள் இருக்கின்றன: ஆஸ்டினில் கப்பா ஃபை காமா, ஹூஸ்டனில் டெல்டா ஃபை ஒமேகா, இரண்டும் 1998இல் வந்தவை. மகள் சொல்வது இப்படி ஒன்றாகக்கூட இருக்கலாம், கேட்டீர்களா? ஆனால் 'நம்ம பிள்ளைகள்தானே' என்று அங்கேயும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். 2013இல் நியூயார்க் பாரூக் கல்லூரி முதலாண்டு மாணவன் ஒருவன் உயிர் போனது ஆசிய அமெரிக்க ஃபிரட்டர்னிட்டி ஒன்றின் சடங்கில்தான்.

ஆக, எழுத்தைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது, அந்தக் கல்லூரியில் இருக்கிற அந்தக் கிளையைத்தான் பார்க்க வேண்டும். அதற்கு இப்போது ஒரு வசதி வந்திருக்கிறது. 2024 டிசம்பரில் பைடன் கையெழுத்திட்ட சட்டப்படி, ஹேஸிங் செய்ததாக முடிவான அமைப்புகளின் பெயரைக் கல்லூரிகள் தங்கள் தளத்தில் வெளியிட வேண்டும். மகளோடு உட்கார்ந்து அதைத் தேடிப் படியுங்கள். அவளுக்குத் தெரியாமல் நீங்கள் மட்டும் படித்து வைத்துக்கொள்ளாதீர்கள். பணமும் கேளுங்கள். செமஸ்டருக்குச் சில நூறு டாலரோடு முடிகிறவையும் உண்டு, வீடு வைத்திருப்பவை பல ஆயிரம் கேட்பதும் உண்டு, டி-ஷர்ட்டுக்கும் பார்ட்டிக்கும் தனிச் செலவு. அதை யார் கட்டுவது என்று இப்போதே பேசிவிடுவது நல்லது.

முக்கியமாக ஒன்று. பெரும்பாலான பழைய சொராரிட்டிகள் தங்கள் வீட்டில் மதுவே அனுமதிப்பதில்லை. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அதன் விளைவு என்ன? பார்ட்டி பையன்கள் வீட்டுக்குப் போய்விடுகிறது. கதவில் நிற்பவன் அவன், கிளாஸில் ஊற்றுபவன் அவன், மாடி அறைச் சாவியும் அவனிடம். அதனால் மகளிடம் "குடிப்பாயா" என்று கேட்பதைவிட, "பார்ட்டிக்கு யாரோடு போவாய், யாரோடு திரும்புவாய், உங்களில் குடிக்காமல் நிற்பது யார்" என்று கேளுங்கள். என் பெண் சேர்ந்த இடத்தில் அதற்கென்றே முறை வைத்து நான்கு பேரை நிறுத்துவார்கள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. 911க்கு போன் செய்தால் நீ குடித்ததற்காக நாங்கள் ஒரு வார்த்தை கேட்க மாட்டோம் என்று நீங்கள் இருவரும் சேர்ந்து சொல்லுங்கள், சொன்னபடி நில்லுங்கள்.

யார் பக்கம் என்று கேட்டீர்கள். அவள் போய்ப் பார்க்கட்டும் என்பதுதான் என் பதில். கண்ணைக் கட்டி எங்கேயாவது கூட்டிப்போனால், வீட்டுக்குச் சொல்லாதே என்றால், அந்த நிமிடமே திரும்பி வந்துவிட வேண்டும் என்ற பேச்சோடு.

இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள், இதை யாரும் சொல்வதில்லை. அவர்கள் அவளை எடுக்காமலும் போகலாம். சில நாள் அந்த வீடு இந்த வீடு என்று ஏறி இறங்கிச் சிரித்துப் பேசிவிட்டு, கடைசி நாள் அழைப்பு வராமல் அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிற பெண்கள் நிறைய. அன்றைக்கு அவள் அழுதுகொண்டு கூப்பிட்டால், "நல்லதாப் போச்சு விடு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.