படத்துல வந்த போரும் நம்ம ஊருக்கு வந்த போரும்: கேள்வி பதில்

சினிமா, நாவல், பழைய பாட்டு, எதுல வர்ற சண்டையைப் பத்தி வேணாலும் கேளுங்கன்னு சொன்னேன், நிறைய பேர் கேட்டுட்டீங்க. ஒரே மாதிரி வந்ததைச் சேர்த்துட்டேன்.

பள்ளத்தூர் தம்பி: அண்ணே, எங்க ஐயா பர்மாவுலேர்ந்து நடந்தே வந்தவராம். பராசக்தியில வர்ற ரங்கூன் கதை நெசமா நடந்ததா?

அடிப்படை நெசம்தான் தம்பி. 1941 டிசம்பர் 23ல ரங்கூன் மேல ஜப்பான்காரன் குண்டு போட்டான், 1942 மார்ச்ல ஊரே அவன் கைக்குப் போயிருச்சு. படத்துல அண்ணன் தம்பி மூணு பேர்ல ஒருத்தனுக்குத்தான் கப்பல்ல எடம், மத்த ரெண்டு பேரும் நடக்குறாங்க, அதுல ஒருத்தன் காலை எழந்து இங்க வந்து பிச்சை எடுக்குறான். டிக்கெட் கெடைச்சவன் பாடு ஒண்ணு, கெடைக்காதவன் பாடு ஒண்ணு, அதை சரியா புடிச்சிருக்காங்க. ஆனா அந்த நடை இருக்கு பாருங்க, அரக்கான் மலை, மணிப்பூர் காடு, காலரா, மலேரியா, வழியில விட்டுட்டு வந்த பொணங்க, அதெல்லாம் படத்துல கண் மூடித் தெறக்குறதுக்குள்ள போயிரும். ஏன்னா அவங்க சொல்ல வந்தது தமிழ்நாட்டு நெலமை, பர்மா வெறும் ஆரம்பம். படம் 1952ல வந்துச்சு, பத்து வருஷம்தான் ஆகியிருந்துச்சு, நம்ம பக்கம் கொட்டகையில டிக்கெட் எடுத்தவங்களுக்கு யாரும் வெளக்கிச் சொல்ல வேண்டிய தேவையும் இல்ல. நடையைப் பத்தித் தெரியணும்னா வெ. சாமிநாத சர்மாவோட பர்மா வழிநடைப் பயணம் படிங்க, மனைவியோட நடந்து வந்த மனுஷன் எழுதினது.

தேவகோட்டை வாசகி: சண்டை நடக்கும்போதே சண்டைப் படம் எடுத்தாங்களா?

ரெண்டாவது உலக யுத்தத்தப்ப எடுக்க வச்சாங்கன்னு சொல்லணும். பிலிம் ரோல் வெளிநாட்டுலேர்ந்து வரணும், தட்டுப்பாடு, அதனால படம் 11,000 அடிக்கு மேல போகக்கூடாதுன்னு சர்க்கார் உத்தரவு, அதாவது ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அதோட யுத்தத்துக்கு ஆதரவா படம் எடுங்கன்னு நெருக்குதல் வேற. 1945ல வந்த மானசம்ரட்சணம், கண்ணம்மா என் காதலி ரெண்டும் அந்த வகை. யாரு பணம், யாரு அனுமதின்னு பார்க்காம போர்ப் படம் பார்க்காதீங்க, இன்னைக்கு வர்ற மிலிட்டரி படத்துக்கும் இதேதான்.

சிங்கம்புணரி ஆசாமி: எங்க ஊர் ப. சிங்காரத்தை இன்னும் படிச்சதில்லை, சொல்லவே வெக்கமா இருக்கு. எதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்?

கடலுக்கு அப்பால் முதல்ல, அப்புறம் புயலிலே ஒரு தோணி. மாத்திப் படிச்சீங்கன்னா தோணியில இந்தோனேசியாவுல இருக்குற மெடான் ஊரோட தெருப் பேரு, மலாய் வார்த்தை, குடிச்சுட்டுப் பேசுற பேச்சுன்னு தெணறி பாதியில வச்சுருவீங்க, அப்படி வச்சவங்களை எனக்குத் தெரியும். அவர் சின்ன வயசுலயே மெடானுக்குக் கடை வேலைக்குப் போனவர், ஜப்பான்காரன் ஆட்சியை நேர்ல பார்த்தவர். கடலுக்கு அப்பால்ல செல்லையான்னு ஒரு பையன், பினாங்குல வட்டிக்கடையில இருந்தவன், நேதாஜி பட்டாளத்துல சேர்றான். சண்டை முடிஞ்சு திரும்பினா முதலாளி வானாயீனா கணக்கு வேற மாதிரி இருக்கு, துப்பாக்கி புடிச்சவன் இனி தொழிலுக்கு ஆக மாட்டான், என் பொண்ணு உனக்குக் கிடையாதுங்கறார். அவ்வளவுதான் விஷயம். வில்லன்னு யாரும் இல்ல, அந்த முதலாளி தன் கடையைப் பார்க்குறான். பேரேடு, ஐந்தொகைன்னு கணக்கும், மேலாள், அடுத்தாள்னு கடை ஆளுங்க பேரும் பொழங்குன வீட்டுல பொறந்தவங்களுக்கு அந்தப் பக்கங்கள் கொஞ்சம் கூடுதலாவே சுடும். தமிழ்ல போர் நாவல்னா எனக்கு இவருக்கு அப்புறம்தான் மத்தவங்க, சண்டைக்கு வரணும்னா வாங்க.

காளையார்கோவில் மாமா: கண்ணதாசன் எடுத்த சிவகங்கைச் சீமை நல்ல படம்தானே, ஏன் ஓடலை?

நேரம் சரியில்ல மாமா. 1959 மே மாசம் அதே சமயத்துல வீரபாண்டிய கட்டபொம்மன் வந்துச்சு, அது கலரு, சிவாஜி வசனம், இது மருது சகோதரர்கள் கதை, கறுப்பு வெள்ளை. நம்ம சிறுகூடல்பட்டிக்காரர் கண்ணதாசன் ஆசைப்பட்டு எடுத்த படம், அடி வாங்கிருச்சு.

ஆனா எனக்கு ரெண்டு படத்து மேலயும் ஒரு குறை உண்டு. வெள்ளைக்காரன்னா ஒரே மாதிரி உறுமிக்கிட்டே இருப்பான். நெசத்துல ஜேம்ஸ் வெல்ஷ்னு ஒரு கிழக்கிந்தியக் கும்பெனி ஆபீசர், 1830ல வந்த அவரோட நினைவுக் குறிப்புல சின்ன மருதுவைப் பத்தி எழுதியிருக்கார். முந்தி மதுரைப் பக்கம் இருந்தப்ப சின்ன மருது அவருக்கு நல்ல அரிசியும் பழமும் அனுப்புவாராம், தடிச்ச தோல் உள்ள இனிப்பு ஆரஞ்சு ஒண்ணைத் தனியா ஞாபகம் வச்சு எழுதுறார். ஈட்டி எறியவும் வளரிங்கற வளைஞ்ச எறிதடியை வீசவும் இவருக்குக் கத்துக் கொடுத்ததே சின்ன மருதுதான். அப்புறம் 1801ல அதே வெல்ஷ் எதிர்ப் படையில வர்றார், தொடை எலும்பு ஒடைஞ்சு ஜெயில்ல கெடந்த மனுஷனைத் தூக்குல போட்டதை வருத்தத்தோட எழுதுறார். அக்டோபர் 24, நம்ம திருப்பத்தூர்ல. ஆரஞ்சுப் பழம் அனுப்புன கையையும் அந்தத் தூக்குமரத்தையும் ஒரே படத்துல வச்சா எப்படி இருக்கும்? நான் பார்த்த வரைக்கும் யாரும் வைக்கல, கைதட்டு வாங்குற சீன் இல்ல பாருங்க.

காரைக்குடி காலேஜ் மாணவி: சார், சங்கப் பாட்டு போரைக் கொண்டாடத்தானே செய்யுது?

கொண்டாடுறது நெறைய இருக்கும்மா, மறுக்கல. கலிங்கத்துப்பரணி வரைக்கும் வந்தீங்கன்னா பேய்ங்க களத்துலயே கூழ் காய்ச்சிக் குடிக்குது. ஆனா பஸ் ஏறி பிரான்மலை போயி, அதுதான் பாரியோட பறம்புங்கறாங்க, அங்க நின்னு புறநானூறு 112 படிச்சுப் பாருங்க. பாரி மகளிர் பாடுனது, அஞ்சே வரி. போன மாசம் இதே நெலா வெளிச்சத்துல அப்பா இருந்தாரு, மலையும் எங்க கையில இருந்துச்சு, இந்த மாசம் மலையும் இல்ல அப்பாவும் இல்ல. வாள் இல்ல, ரத்தம் இல்ல, ஜெயிச்சவனோட முரசு மட்டும் ஒரு எடத்துல வருது.

புதுவயல் ஆச்சி: பேரன் நாள் பூரா போன்ல சுட்டுச் சுட்டு வெளையாடுறான், கெட்டுப் போயிருவானா?

ஆச்சி, நான் டாக்டர் இல்ல. தூங்குறானா, படிக்கிறானான்னு பாருங்க. கேம்ல செத்தவன் அடுத்த ரவுண்டுல எந்திரிச்சுருவான், அது வெளையாட்டுன்னு அவனுக்கும் தெரியும்.

கானாடுகாத்தான் அன்பர்: பெட்டகத்துல ஜப்பான் நோட்டு கட்டாக் கெடக்கு, வெலை போகுமா?

பெருசா போகாது, ஜப்பான்காரன் தான் புடிச்ச ஊருக்கெல்லாம் ஏகப்பட்டது அச்சடிச்சுத் தள்ளினான். நோட்டுல இருக்குற இங்கிலீஷ் எழுத்தைப் பாருங்க, பி-ல ஆரம்பிச்சா பர்மா, எம்-னா மலாயா. பாதிக்கு மேல சீரியல் நம்பரே இருக்காது. சண்டை முடிஞ்சதும் அது வெறும் காகிதம், அந்தக் கட்டு எந்த சரக்குக்கு, எந்தக் கடனுக்கு ஈடா வந்துச்சுன்னு பழைய கணக்குல இருந்தா அதுதான் பொக்கிஷம், நோட்டு இல்ல.

கண்டனூர் தம்பி: அப்பத்தாவுக்கு 91 வயசு, பர்மா காலத்தை வச்சு குறும்படம் எடுக்கப் போறேன் அண்ணே, போர் சீன் எடுக்க பட்ஜெட் இல்ல.

போர் சீனே வேணாம்பா. பர்மாவுலேர்ந்து அப்பச்சி, அதாவது அப்பா, அனுப்புற பணம் நின்னு போச்சு, கடுதாசி நின்னு போச்சு, வந்த ஒண்ணு ரெண்டும் சென்சார்காரன் பிரிச்சு ஒட்டினது, வளவுல, அதாவது வீட்டுக்குள்ள, எந்த வைரத் தோடு எப்ப காணாமப் போச்சு, யாரு கல்யாணம் தள்ளிப் போச்சு, இது போதும், எல்லாம் வீட்டுக்குள்ளயே எடுத்துரலாம். அப்பத்தா அப்ப ஏழெட்டு வயசுப் புள்ள, பெரியவங்க குசுகுசுன்னு பேசுனது மட்டும்தான் காதுல விழுந்திருக்கும், அந்த அளவுக்கே கதையை வச்சுக்க. முதல்ல ஆடியோ மட்டும் எடு. கேமராவைப் பார்த்தா சேலையைச் சரி பண்ணிக்கிட்டு எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்லிருவாங்க.